வெள்ளிக்கிழமை, தண்ணீர் லாரிக்காரன்

ஆறு கன மீட்டர் பிடிக்கும் என் லாரி.
பின்பக்கம் 'குடிநீர்' என்று எழுதியவன்
என் மைத்துனன் ரஸ்லான்.
கடைசி எழுத்துக்கு இடம் போதாமல்
வளைத்து மேலே ஏற்றிவிட்டான்.

ஜூலையில் கத்ரானாவில்
நிழலும் சுடும்.
நகராட்சிக் குழாய் வாரம் ஒருமுறை இருமும்,
சில வாரம் அதுவும் இல்லை.
பணத்தைத் தண்ணீராய்ச் செலவழிக்கிறான் என்றால்
எங்கள் ஊரில்
கஞ்சனைப் பற்றிய பேச்சு அது.

என் போன் விடியும் முன்பே அலறும்.
முத்திப், எங்கே இருக்கிறாய்?
முத்திப், தொட்டி காய்ந்து மூன்று நாள்.
மூன்றாம் மாடி உம்மு லைத்
வணக்கம்கூடச் சொல்ல மாட்டாள்,
காலிக் குடத்தைத் தட்டிக் காட்டுவாள்
போனுக்குள்.

வெள்ளிக்கிழமை ரஸ்லான் வந்தான்.
கையில் தர்ப்பூசணி, காலில் கிழிந்த கான்வாஸ் ஷூ.
ஏறு, பள்ளத்தாக்குக்குப் போகிறோம் என்றான்.
தண்ணீரைப் பார்க்கவா, எனக்கா, என்றேன்.
ஏறிவிட்டேன்.

மேற்கே நாற்பது நிமிடம்.
சாலை முடிந்த இடத்தில் பாறை பிளந்திருந்தது.
உள்ளே நுழைந்ததும்
முதுகிலிருந்து யாரோ
வெயிலை இறக்கி வைத்தார்கள்.

கணுக்கால். முழங்கால். பிறகு இடுப்பு.
இருபுறமும் மாவும் ரத்தமும் பிசைந்த நிறத்தில்
சுவர்கள் எழுந்து எழுந்து
வானத்தை ஒரு நாடாவாக்கிவிட்டன.
கல்லிடுக்கில் தொங்கும் ஈச்சை.
அரளி, யாரும் ஊற்றாமல், பூத்துக் கிடந்தது.
எங்கும் தண்ணீர்,
மீட்டர் இல்லாமல், பாக்கி இல்லாமல்,
இரைந்துகொண்டு வீணாய்ப் போனது.
எனக்கு வயிறு எரிந்தது.
ஒரு சுனையருகே நின்று
மனசுக்குள் லாரி லாரியாய் நிரப்பினேன்.
பதினேழாவதில் ரஸ்லான்
என் தலையைப் பிடித்து நீருக்குள் அமுக்கினான்.

குளிரட்டும் என்று கல் அணைகட்டி வைத்த தர்ப்பூசணி
அப்போதுதான் நழுவியது.
பச்சைத் தலை ஒன்று
எங்களை விட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பியதுபோல்
மெதுவாக, பிறகு மெதுவாக இல்லாமல்.

துரத்தினோம்.
வழுக்கினேன், எழுந்தேன்,
கயிறு கட்டிய சரிவில் உட்கார்ந்தே இறங்கினேன்.
நாற்பத்தாறு வயசு, இரண்டு முட்டியும் தகராறு.
இடுக்கில் நீர் நெஞ்சுக்கு வந்தபோது பாய்ந்தேன்.
விரல் பட்டது. பழம் சுழன்று போனது.
மேலே வந்தபோது நினைவு வந்தது:
சட்டைப்பையில் போன்.

எடுத்து உதறினேன்.
திரையில் ஒரு நீல மேகம் ஓடி
அணைந்தது.
சுவர்களுக்கு நடுவே
ஆற்றின் சத்தம் மட்டும்.
அது என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

வளைவு தாண்டி, மணல்திட்டில்
நாலு பெண்கள், ஒரு கெட்டில், ஒரு கத்தி.
பழம் ஏற்கெனவே இரண்டாகியிருந்தது.
உங்களுடையதா? என்றாள் மூத்தவள், கொஞ்சமும் கூசாமல்.
ஆறு கொண்டுவந்து போட்டது என்று நினைத்தோம்.
பெரிய துண்டாகப் பார்த்து எனக்கு நீட்டினாள்.

இருபது வருஷமாய் மற்றவர் வாசலுக்குக் கொண்டுபோகிறேன்.
எனக்கென்று
தண்ணீர் எதையும் கொண்டுவந்ததில்லை.
விதையோடு விழுங்கினேன்.

இந்த ஆறு போகும் இடம் தெரியும்.
கீழே சாக்கடல், யாருக்கும் ஆகாத உப்பு.
தெரிந்தும் அது அவசரப்படவில்லை,
தயங்கவும் இல்லை.
நானும் கொஞ்சநேரம் மிதந்து கிடந்தேன்,
காது நீருக்குள், வாய் வெளியே.

வெளியே வந்தோம்.
வெயில் அதே இடத்தில் காத்திருந்தது,
கடன்காரனைப் போல.
ஸ்டியரிங்கைத் தொட முடியவில்லை,
ஈரச் சட்டையைச் சுற்றிப் பிடித்தேன்.
முதல் சோதனைச்சாவடி வருவதற்குள் காய்ந்துவிட்டது.

நாளை போன் இல்லை.
வரிசை மனப்பாடம்தான்:
முதலில் உம்மு லைத். மூன்றாம் மாடி.
ஹோஸ் இரண்டு மீட்டர் போதாது.

வழியில் நிறுத்தச் சொல்லி இறங்கிய ரஸ்லான்
தன் கால்சட்டை மடிப்பில் மிச்சமிருந்த ஆற்றை
சாலையோர முட்செடியின் மேல் பிழிந்தான்.
ஏழெட்டுச் சொட்டு இருக்கும்.
கணக்கில் எழுதிக்கொள் என்றான்.